கல்லூரி வாசலில் முக்காட்டைக் கழற்றச் சொல்வது அரசின் வேலையா?

ஓசூர்க்காரி

பெங்களூருவுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் விரிவுரையாளராக இருந்தேன். 2022 பிப்ரவரியில் அங்கே நடந்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்லிவிட்டு இந்த இழையில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்.

முன்கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. உடுப்பி அரசு மகளிர் பி.யு. கல்லூரியில் (நம் ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி) சில மாணவிகளை முக்காட்டோடு வகுப்பில் உட்கார விடவில்லை. 2021 கடைசியில் தொடங்கிய பிரச்சினை அது. பதிலுக்கு வேறு மாணவர்கள் காவித் துண்டு போட்டுக்கொண்டு வர, ஊர் ஊராகப் பரவியது. பிப்ரவரி 5ஆம் தேதி கர்நாடக அரசு ஆணை போட்டது. பி.யு. கல்லூரிகளில் கல்லூரி வளர்ச்சிக் குழு சொல்லும் சீருடைதான். சீருடை இல்லாத இடத்தில் சமத்துவத்தையும் பொது ஒழுங்கையும் குலைக்காத உடை. அந்தக் குழுவுக்குத் தலைவர் உள்ளூர் எம்.எல்.ஏ. 10ஆம் தேதி உயர் நீதிமன்றம், வழக்கு முடியும்வரை வகுப்பறையில் காவித் துண்டும் வேண்டாம், முக்காடும் வேண்டாம் என்றது. சீருடை விதித்திருக்கும் நிறுவனங்களுக்கு மட்டும்தான் அந்த இடைக்கால ஆணை. ஆனால் நடைமுறையில் யார் அதைப் படித்துப் பார்த்தார்கள்? பல இடங்களில் ஆசிரியைகளைக்கூட வாசலில் நிறுத்திப் புர்காவைக் கழற்ற வைத்தார்கள்.

எங்கள் கல்லூரியில் சீருடையே கிடையாது. இருந்தும் நிர்வாகம் என்னையும் இன்னொரு ஆசிரியையையும் வாசலில் நிற்கச் சொன்னது. எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்கார அம்மா பின்பக்கம் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிக் கொடுத்திருந்தார். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கணக்குப் பதிவியலில் எப்போதும் முதல் மூன்று பேரில் வருபவள், அந்தத் திரை ஓரத்தில் நின்று முக்காட்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள். நான்கு ஊசி. துணியை நான்காக மடித்து டிபன் பையில் வைத்தாள். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தலைமேல் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். வெயிலுக்குப் பிடிக்கிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அன்றைக்கு வகுப்பில் அவளைக் கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

நான் முக்காடு போடும் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. அந்தப் பழக்கத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதையும் கிடையாது. ஆனாலும் நான் அந்த வாசலில் நின்றது தப்பு என்று தோன்றுகிறது. தப்பா, இல்லையா?

பழைய தலைமையாசிரியர்

மகளே, உங்கள் வேதனை புரிகிறது. இருந்தாலும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

நெல்லைச் சீமையில் 34 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தவன் நான். எங்கள் பிள்ளைகள் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். நிறத்தைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிடலாம். விளையாட்டுப் பீரியடில் கயிற்றின்படிதான் அணி பிரியும். என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். வெட்டுவேன், திங்கட்கிழமை புதுக் கயிறு வரும், திரும்பவும் வெட்டுவேன்.

2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளியில் வேண்டாம் என்று சொன்னது. நான் தினமும் திருநீறு இடுபவன். அந்த அறிக்கையை வரவேற்றேன். பள்ளிக்குள் நுழைந்தால் எல்லோரும் பிள்ளைகள், அவ்வளவுதான்.

முக்காட்டுக்கு மட்டும் விலக்கு என்றால், கயிறு கட்டியவன் என் முன்னால் வந்து நின்று ‘இது எங்கள் குலசாமிக் கயிறு சார்’ என்பான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பகுத்தறிவுப் பாதை

பெரியவர் சொல்வதை இன்னும் ஒருபடி மேலே போய்ச் சொல்கிறேன். ஆணின் பார்வைக்குப் பெண் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? பன்னிரண்டு வயதுப் பிள்ளை ‘என் விருப்பம்’ என்று சொல்கிறது என்றால், அந்த விருப்பத்தை அதன் காதில் ஓதியது யார்? உடன்கட்டையை 1829இல் சட்டம் போட்டுத்தான் நிறுத்தினார்கள். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947இல் சென்னை மாகாணம் சட்டம் போட்டுத்தான் ஒழித்தது. அப்போதும் ‘அது அவர்கள் நம்பிக்கை’ என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

மேலப்பாளையத்துக்காரி

எல்லாரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நானும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

உம்மாவைப் பெற்றவர் வெள்ளைத் துப்பட்டி போர்த்தித்தான் தெருவில் இறங்குவார். வாப்பா சவூதி போய் வந்த பிறகு உம்மா கறுப்பு புர்காவுக்கு மாறினார். எனக்குச் சுடிதாரும் தலையில் முக்காடும். தங்கை சென்னையில் ஐடி வேலை, எதுவும் போடுவதில்லை. பெருநாளைக்கு ஊர் வரும்போது திருநெல்வேலி ஜங்ஷன் நெருங்கியதும் பையைத் திறந்து ஒரு துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வாள். அதை வைத்து வீட்டில் நடக்காத சண்டை இல்லை. நான் அவள் பக்கம்.

பகுத்தறிவுப் பாதை தோழர், பெண்ணை அடக்கி வைக்கிற ஆண்கள் எங்கள் தெருவில் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். பிளஸ் டூ முடித்ததும் ‘போதும், மாப்பிள்ளை பாருங்க’ என்றவர் என் பெரியவாப்பா. வாப்பாவுக்கு அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னார்: ‘மூடிக்கிட்டுத்தானே போறா.’ பெரியவாப்பா வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையில் நான் பி.பார்ம் முடித்தேன். இன்றைக்குச் சொந்தமாக மருந்துக் கடை நடத்துகிறேன். என் கல்லூரி வாசலில் ஒருவர் நின்று ‘கழற்று’ என்றிருந்தால் அன்றைக்கே என் படிப்பு முடிந்திருக்கும். பெரியவாப்பா ஜெயித்திருப்பார்.

உடன்கட்டை பற்றிச் சொன்னீர்கள். அந்தச் சட்டம் எரித்தவனையும் அதற்குத் துணைபோனவனையும் தண்டித்தது. கர்நாடகத்தில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது பெண் பிள்ளை. கட்டாயப்படுத்தியதாக நீங்கள் சொல்லும் தகப்பனுக்கு ஒரு நாள் கூலிகூடக் குறையவில்லை.

தென்றல்82

ஒரு சந்தேகம். தலையை மூடுவதையும் முகத்தை மூடுவதையும் ஒன்றாகவே பேசுகிறோமே?

வழக்குக்கட்டு

நல்ல கேள்வி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. முடியை மறைப்பது ஹிஜாப் (நம் முக்காடு). கண் மட்டும் தெரிய முகத்தை மறைப்பது நிகாப். கர்நாடக வழக்கு தலைத்துணியைப் பற்றியது. முகத்தைப் பற்றியதே இல்லை. அடையாளம், பாதுகாப்பு என்ற வாதமெல்லாம் முகத்துக்குத்தான் பொருந்தும்.

வழக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2022 மார்ச் 15ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத வழக்கம் இல்லை, சீருடை நியாயமான கட்டுப்பாடுதான் என்று சொல்லி மனுக்களைத் தள்ளியது. உச்ச நீதிமன்றத்தில் அக்டோபர் 13ஆம் தேதி தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. அரசுப் பணத்தில் நடக்கும் மதச்சார்பற்ற பள்ளிக்குள் மத நம்பிக்கையைக் கொண்டுவர முடியாது என்பது நீதிபதி ஹேமந்த் குப்தாவின் நிலை. நீதிபதி சுதான்ஷு துலியா நேர் எதிர். இன்றியமையாத வழக்கமா என்ற ஆராய்ச்சியே இந்த வழக்குக்குத் தேவையில்லை, அது அந்தப் பெண்ணின் தெரிவு என்றார். பள்ளி வாசலில் கழற்றச் சொல்வது அவள் அந்தரங்கத்திலும் கண்ணியத்திலும் கைவைப்பது என்றார். ஹிஜாப் போட்டாள் என்பதற்காகக் கல்வியை மறுத்தால் அவள் வாழ்க்கை எந்த வகையில் மேலாகிறது என்று கேட்டார். நான் அவர் பக்கம்.

‘இன்றியமையாத வழக்கம்’ என்ற அளவுகோல் 1954 சிரூர் மடம் வழக்கிலிருந்து வருகிறது. அதன்படி நீதிபதி மார்க்க அறிஞர் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. வேதத்தில் இருக்கிறதா, கட்டாயமா, விட்டால் மதம் போய்விடுமா? இந்தக் கேள்விகளை மூக்குத்தியிடம் கேட்டால் மூக்குத்தி தோற்றுவிடும்.

மூக்குத்தியைச் சும்மா சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரப் பள்ளி ஒன்றில் தமிழ் வம்சாவளி இந்து மாணவி ஒருத்தி மூக்குத்தியோடு வந்தாள். நகை கூடாது என்பது பள்ளியின் விதி. பெண் பெரியவளானதும் மூக்குக் குத்துவது எங்கள் குடும்ப வழக்கம், பதினாறு வயதானதும் அவள் பாட்டி இந்தத் தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவார் என்று அம்மா விளக்கினார். மதக் கட்டளை என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம்வரை போனது. 2007இல் தலைமை நீதிபதி பயஸ் லாங்கா எழுதிய தீர்ப்பு அந்தப் பெண்ணுக்குச் சாதகமாக வந்தது. கட்டாயமான வழக்கத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு என்றில்லை, ஒருவர் தானாக விரும்பிக் கடைப்பிடிப்பதற்கும் உண்டு. விதி பொதுவாக இருக்கட்டும், அவளுக்கு விலக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் அவள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள்.

இந்தத் தீர்ப்பைக் கர்நாடக வழக்கிலும் எடுத்து வைத்தார்கள். உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் ஒரு தமிழ்ப் பாட்டியின் மூக்குத்திக்காக உலகின் இன்னொரு மூலையில் கிடைத்த நீதியை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முக்காட்டுக்கு மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

காத்தான்குடி நிஸா

முகத்தை மூடுற விஷயத்தில் எனக்கு ஒரு அனுபவம் இருக்கு, சொல்றன்.

இலங்கையில் 2019 ஏப்ரல் 21 நடந்ததைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு இன்னும் நா கூசும். தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடிக்க வைத்த கூட்டத்தின் தலைவன் எங்கட ஊரான். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சின்னப் பிள்ளைகளும் மௌத்தாகினார்கள். அந்த வாரமே எங்கட மார்க்க அறிஞர் சபையான ஜம்மியத்துல் உலமா, முகத்தை மூட வேண்டாம் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டது. ஏப்ரல் 29 தொடக்கம் அவசரகாலச் சட்டத்தின் கீழ் அரசு தடை போட்டது. நான் அதை எதிர்க்கவில்லை. அந்த நேரத்தில் எதிரில் வாறவர் யாரென்று தெரியாத பயம் எல்லாருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது.

ஆனால் தடை முகத்துக்குத்தான். தலைக்கு இல்லை. என்ட உம்மம்மாவுக்கு அப்ப எண்பது வயது. ஒருநாளும் முகம் மூடாதவ, சேலை முந்தானையைத் தலையில் போட்டிருப்பா. சுகர் கிளினிக்குக்குப் போன இடத்தில், வாசலில் நின்றவர் அதையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அவ ஒன்றும் பேசாமல் கிளினிக் கொப்பியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்திட்டா. மூன்று மாதம் மருந்து எடுக்கப் போகல்ல. கால் புண் பழுத்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

சட்டத்தை எழுதுறவர் கொழும்பில் இருப்பார். வாசலில் நிற்கிறவர் அதை எப்படி விளங்கிக்கொள்வார் என்றதை அவர் யோசிக்க வேணும். ஓசூர் அக்கா சொன்னதும் இதுதானே, சீருடை இல்லாத கல்லூரியிலும் நடந்திருக்கு.

இன்னொன்று. இது தமிழ் ஆக்கள் கூடுற இடம் என்பதால் மனசில் இருக்கிறதைச் சொல்றன். 2018இல் திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் ஹபாயா (அபாயா என்ற நீள அங்கி) போட்டு வந்ததற்கு எதிராகப் பாடசாலை வாசலில் போராட்டம் நடந்தது. சேலைதான் இந்தப் பாடசாலையின் பண்பாடு என்றார்கள். அது அரசு போட்ட சட்டம் இல்லை. எங்க யார் பெரும்பான்மையோ, அங்க அவங்கட உடுப்பு ‘பொதுவான உடுப்பு’ ஆகிடுது. இந்த நாட்டில் சிறுபான்மையாக அடி வாங்கின தமிழ் ஆக்களே அதைச் செய்தது எனக்கு இன்றுவரை வலிக்குது.

கோணேசர் மண்

நிஸா சகோதரி, நான் அன்றைக்கு அந்தப் போராட்டத்தை ஆதரித்து எழுதினவன். நியமனம், காணி என்று எங்கள் ஆக்களுக்கு நெடுநாள் பயம் ஒன்று இருந்தது. அந்தப் பயம் பொய் இல்லை. ஆனால் அதைக் கொண்டுபோய் படிப்பிக்க வந்த ஆசிரியைகளின் உடுப்பில் இறக்கினது பிழை. உம்மம்மாவின் கதை வாசித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

திருவல்லிக்கேணி

உம்மம்மா மருத்துவமனை வாசலிலிருந்து திரும்பியதைப் படித்ததும் எங்கள் பேட்டை ஞாபகம் வந்தது. பலகையில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று இருக்கும், நாங்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வோம். கோஷா என்றால் பெண்கள் திரைக்குள் இருப்பது. ஆண் மருத்துவரிடம் போகாமல் திரைக்குள்ளேயே பிரசவத்தில் செத்துப்போன பெண்களுக்காக, 1885இல் மேரி ஷார்லீப் என்ற மருத்துவர் முன்னின்று தொடங்கியது. முதலில் திரையை விட்டு வெளியே வா, அப்புறம்தான் வைத்தியம் என்று அவர் சொல்லவில்லை. பெண் மருத்துவர்களைத் திரை இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார். என் அம்மா அங்கே பிறந்தார், நான் பிறந்தேன், என் மகளும் பிறந்தாள். இன்று அங்கே எல்லா மதத்துப் பெண்களும்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

பாரிஸ் காரைக்கால்

தாத்தா காரைக்கால்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தவர். நான் பிறந்தது பாரிஸ் புறநகரில். இங்கே அரசுப் பள்ளிகளில் முக்காட்டைத் தடுத்த சட்டம் 2004 மார்ச் 15இல் வந்தது. (கர்நாடகத் தீர்ப்பும் ஒரு மார்ச் 15 என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.) 2010இல் பொது இடங்களில் முகத்தை மூடத் தடை, மீறினால் 150 யூரோ வரை அபராதம். அதை 2014இல் ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னோடு படித்த இரண்டு பேர் 2004 சட்டத்தை இன்றும் நன்றியோடு பேசுவார்கள். ‘சட்டம் அப்படி, நான் என்ன செய்ய’ என்று வீட்டில் சொல்ல முடிந்ததாம். மேலப்பாளையத்து அக்காவின் வாப்பாவுக்கு எந்த வார்த்தை உதவியதோ, அதற்கு நேர் எதிரான வார்த்தை இவர்களுக்கு உதவியிருக்கிறது.

ஆனால் தலைத்துணியோடு அது நிற்கவில்லை. 2023 செப்டம்பரில் பள்ளிகளில் அபாயாவும் கூடாது என்றார்கள். அபாயா என்றால் என்ன? நீளமான தளர்ந்த அங்கி. கடையில் வாங்கிய சாதாரண நீள கவுனுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? என் தங்கை மகளை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அதே நீளத்தில் கவுன் போட்டிருந்த அவள் தோழி பேசாமல் உள்ளே போனாள். தோழியின் பெயர் வேறு, நிறம் வேறு. இருவரும் ஒரே கடையில் ஒன்றாகப் போய் வாங்கிய கவுன்கள் அவை.

பழைய தலைமையாசிரியர்

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். வழக்குக்கட்டு தம்பி சொன்ன மூக்குத்தி வழக்கு எனக்குப் புதிது.

கயிற்றுக்கு நான் கேட்ட பதில் கிடைத்துவிட்டதாக நினைக்கிறேன். கயிறு கட்டியவன் அடுத்தவனை மிரட்டத்தான் கட்டினான். அந்தக் கையைத் தூக்கிக் காட்டியே அடுத்த பிள்ளையைப் பெஞ்சிலிருந்து எழுப்புவான். முக்காடு போட்ட எந்தப் பிள்ளையும் யாரையும் எழுப்பி நான் பார்த்ததில்லை. இன்னொன்றும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் பள்ளியில் பெண்களுக்கு வெள்ளைத் தாவணி. முஸ்லிம் பிள்ளைகள் அதே வெள்ளைத் துணியில் முக்காடு போட்டு வருவார்கள். 34 ஆண்டில் ஒருநாளும் அது என் கண்ணை உறுத்தியதில்லை. கத்தரிக்கோல் வைத்திருந்த அதே மேசைக்கு முன்னால்தான் அவர்கள் நின்றார்கள்.

ஆனால் தேர்வறையில் முகம் தெரிய வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வழக்குக்கட்டு

அதற்கு வழி இருக்கிறது ஐயா. மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு முழுக்கையும் தலைத்துணியும் கூடாது என்றபோது, 2016இல் கேரள உயர் நீதிமன்றம் அவர்கள் அரைமணி நேரம் முன்னதாக வரட்டும், பெண் கண்காணிப்பாளர் சோதிக்கட்டும், அப்புறம் எழுதட்டும் என்றது. முகத்தை மூடுவதில் நானும் உங்கள் பக்கம்தான், அந்தந்த இடத்தின் தேவை அளவுக்கு. 2019இல் கேரளத்தில் முஸ்லிம் கல்விச் சங்கமே தன் கல்லூரிகளில் முகத்திரை வேண்டாம் என்று முடிவு செய்தது. 

பகுத்தறிவுப் பாதை

தடை வேண்டாம் என்கிறீர்கள், சரி. ஈரானில் 2022இல் மஹ்சா அமினி ஒழுக்கக் காவலர்களின் பிடியில் இறந்துபோனபோது முக்காட்டைக் கொளுத்தியவர்களும் முஸ்லிம் பெண்கள்தானே? அவர்களுக்கு நாம் என்ன சொல்கிறோம்? வீட்டுக்குள் அடிபடும் பிள்ளையை யார் பார்ப்பது?

மேலப்பாளையத்துக்காரி

அவர்களுக்கு நான் துணை. என் தங்கைக்குத் துணை நின்ற மாதிரியே. ஈரானில் போடாதவளைப் பிடித்தது போலீஸ். 1936இல் அதே ஈரானில் ரேசா ஷா காலத்தில் போட்டவளின் துணியைத் தெருவில் பறித்ததும் போலீஸ். அந்தக் காலத்தில் பல பெண்கள் வீட்டை விட்டே இறங்கவில்லை.

வீட்டுக்குள் அடிபடும் பிள்ளைக்கு அரசு செய்யக்கூடியது நிறைய இருக்கிறது தோழர். என் கடையில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருத்திக்கு மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் பணம் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிறவள். அந்த ஆயிரம் அவள் கணக்கில் விழுகிறது என்பதால் அவள் அண்ணன் கல்லூரியை நிறுத்தச் சொல்வதில்லை. விடுதி கொடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மேலப்பாளையத்துக்கு ஒரு பஸ் கூடுதலாக விடுங்கள். பதினெட்டுக்கு முன்னால் கல்யாணம் என்றால் உடனே வந்து நிறுத்துங்கள். அவள் கையில் சம்பளம் வந்த பிறகு, தலையில் என்ன போடுவது என்று அவளே பெரியவாப்பாவிடம் பேசிக்கொள்வாள்.

ஓசூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் நின்றது தப்புத்தான்.

அந்த மாணவி அந்த ஆண்டுத் தேர்வுக்கு வரவில்லை. அப்புறம் தொலைநிலைக் கல்வியில் பட்டம் முடித்து, இப்போது ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இந்த இழையைத் தொடங்கிய பிறகு, பழைய வகுப்புக் குழுவில் அவள் எண்ணைத் தேடிப் பிடித்து நேற்று பேசினேன். அன்றைக்கு வாசலில் நின்றதற்கு என்மேல் கோபமா என்று கேட்டேன்.

‘வாசலில் நின்னதுக்கு இல்ல மேடம், உங்களை நிக்க வச்சாங்க, எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் வகுப்பில் என்னைக் கேள்வியே கேட்காம விட்டீங்க. அதுக்குத்தான்’ என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போகிறேன்.